தப்பெல்லாம் விளிம்பில்தான்: மடிக்கணினியில் ஒரு ஹார்மோனிக் கணக்கு

தொட்டபெட்டாவிலிருந்து மேட்டுப்பாளையம் வரை தரையின் உயரத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து பாருங்கள். 2637 மீட்டரில் தொடங்கும் கோடு உதகை வரை சட்டென்று இறங்கும். லவ்டேல், கேத்தி பக்கம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும். குன்னூரைத் தாண்டினால் கல்லாறு வரை ஒரே சரிவு.

வலுவான லேசர் புலத்தில் மாட்டிய ஒரு அணு வெளியிடும் ஒளியின் நிறமாலையை மடக்கை அளவில் வரைந்தாலும் கிட்டத்தட்ட இதே கோடுதான் வரும். முதல் சில ஹார்மோனிக்குகள், அதாவது லேசர் அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளில் வரும் ஒளி, வேகமாகக் குறையும். பிறகு ஒரே உயரத்தில் ஒரு நீண்ட தட்டு. அப்புறம் திடீரென்று பள்ளம். அந்தத் தட்டுக்கு இயற்பியலில் பெயரே பீடபூமிதான். பள்ளம் தொடங்கும் இடம் கட்-ஆஃப்.

1987-இல் பிரான்சின் சக்லேயில் ஆன் லூலியேயும் உடன் பணியாற்றியவர்களும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை மந்த வாயுக்களுக்குள் செலுத்தி இந்தப் பீடபூமியைப் பார்த்தார்கள். அட்டோசெகண்ட் (10⁻¹⁸ நொடி) பல்ஸ்கள் பிறந்தது இதிலிருந்துதான். 2023-இல் பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் க்ராஸ், லூலியே மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். சோதனை செய்ய லேசர், வெற்றிடக் கலம், அதிர்வில்லாத மேசை என்று பெரிய ஏற்பாடு தேவை. ஒற்றை அணுவுக்கான கோட்பாட்டுக் கணக்குக்கு, அதாவது எலக்ட்ரானின் அலைச்சார்பை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி நேரத்தில் முன்னேற்றுவதற்கு, ஒரு மடிக்கணினியும் பைதானும் போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து எம்.எஸ்சி. பிராஜெக்ட் செய்கிற ஒருவர் ஒரு வாரத்தில் இதை ஓட வைத்துவிடலாம்.

ஓட வைப்பது எளிது. வந்த படத்தை எப்போது நம்பலாம் என்பதுதான் கஷ்டம். இந்தக் கணக்கில் நடுவில் நடக்கும் இயற்பியல் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடுகிறது. பிழை புகுவது விளிம்புகள் வழியாக: பெட்டியின் விளிம்பு, பல்ஸின் விளிம்பு, ஃபூரியர் சாளரத்தின் விளிம்பு. அதனால் அந்த மூன்றுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் எண்கள். 800 நானோமீட்டர் லேசர், செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ வாட். ஒரு ஃபோட்டானுக்கு 1.55 எலக்ட்ரான் வோல்ட், ஒரு சுற்றுக்கு 2.67 ஃபெம்டோசெகண்ட். கணக்கு முழுவதையும் அணு அலகில் போடுங்கள். நேரத்தின் அலகு 24.2 அட்டோசெகண்ட், நீளத்தின் அலகு 0.529 ஆங்ஸ்ட்ராம், ஆற்றலின் அலகு 27.21 எலக்ட்ரான் வோல்ட். இந்த அலகில் லேசரின் கோண அதிர்வெண் 0.057, புலத்தின் உச்சம் 0.0534, ஒரு சுற்று 110.3. செறிவிலிருந்து புலத்துக்குப் போக, செறிவை 3.51 × 10¹⁶-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வர்க்கமூலத்தை மறந்தவர்களின் அணு லேசரைக் கண்டுகொள்ளவே செய்யாது. புலம் 19 மடங்கு குறைந்துபோயிருக்கும்.

நடப்பது என்ன என்பதை 1993-இல் பால் கார்க்கம் மூன்று படிகளாகச் சொன்னார். லேசர் புலம் அணுவின் ஆற்றல் சுவரை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. மலை ரயில் குன்றின் மேல் ஏறாமல் குகைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போவதுபோல எலக்ட்ரான் சுவரை ஊடுருவி வெளியே வருகிறது. நம் எண்களுக்கு அது வெளிவரும் இடம் அணுக்கருவிலிருந்து சுமார் 9.4 அணு அலகு, அதாவது அரை நானோமீட்டர். அடுத்து, புலம் அதை இழுத்துப்போய், திசை மாறியதும் திருப்பி அனுப்புகிறது. மூன்றாவதாக, திரும்பி வந்த எலக்ட்ரான் அயனியோடு சேர்ந்து, சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதையும் ஒரே ஃபோட்டானாகக் கொட்டுகிறது. புலத்தின் உச்சத்துக்குப் பிறகு சுமார் 18 பாகையில் கிளம்பி 252 பாகையில் திரும்பும் எலக்ட்ரானுக்குத்தான் ஆற்றல் அதிகம்: பாண்டரமோட்டிவ் ஆற்றலைப் (லேசர் புலத்தில் ஆடும் எலக்ட்ரானின் சராசரி ஆட்ட ஆற்றல்) போல 3.17 மடங்கு. அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் 1.7 ஃபெம்டோசெகண்ட்.

பாண்டரமோட்டிவ் ஆற்றல் இங்கே 5.97 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 13.6. அதோடு 3.17 × 5.97 சேர்த்தால் 32.5. அதை 1.55-ஆல் வகுத்தால் 21. எனவே கட்-ஆஃப் 21-ஆவது ஹார்மோனிக் பக்கம் இருக்க வேண்டும். எலக்ட்ரான் எப்படி வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் கெல்டிஷ் அளவுரு 1.07 வருகிறது. முழுக்கச் சுவர் ஊடுருவலும் இல்லை, முழுக்கப் பல ஃபோட்டான் உறிஞ்சலும் இல்லை, இரண்டுக்கும் நடுவாந்தரம். செறிவை இரண்டு மடங்காக்கினால் பீடபூமி நீளும் என்று ஆசை வரும். ஆனால் ஹைட்ரஜனுக்கு 1.4 × 10¹⁴-லேயே சுவர் முழுக்கச் சரிந்துவிடுகிறது. பல்ஸின் உச்சம் வருவதற்குள் அணு காலியாகிவிடும்.

அணுவுக்கு ஒற்றைப் பரிமாண மென்கூலும் நிலையாற்றலை (நடுவில் முடிவிலிக்குப் போகாதபடி மழுங்கடித்த கூலும் நிலையாற்றல்) எடுத்துக்கொள்வோம்: மைனஸ் 1, கீழே இடத்தின் வர்க்கத்தோடு 2 கூட்டியதன் வர்க்கமூலம். அந்த 2-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது தரைநிலை ஆற்றல் சரியாக மைனஸ் 0.5, ஹைட்ரஜனுக்கு உள்ளதே. 2-க்குப் பதில் 1 போட்டால் மைனஸ் 0.67 வரும்.

கிரிட்டில் 2048 புள்ளிகள், இடைவெளி 0.2. பெட்டி இருபுறமும் 204.8 அணு அலகு வரை நீளும். தரைநிலையைக் கண்டுபிடிக்க, நேரத்தைக் கற்பனை எண்ணாக்கி ஓட்டுங்கள். எந்த அலையில் தொடங்கினாலும் உயர் ஆற்றல் பகுதிகள் வேகமாகத் தேய்ந்துவிடும். ஒவ்வொரு அடியிலும் நெறிப்படுத்திக்கொண்டே (மொத்த நிகழ்தகவை, அதாவது நெறியை, 1 ஆக்கிக்கொண்டே) போனால் தரைநிலை மட்டும் மிஞ்சும். ஆற்றல் மைனஸ் 0.5000 என்று நிற்கும் வரை அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பைதானின் எண்கணித நூலகமான நம்பை தரும் அதிர்வெண் பட்டியலை 2π-ஆல் பெருக்கினால்தான் உந்தம் கிடைக்கும். அதை மறந்தால் இயக்க ஆற்றல் 39 மடங்குக்கு மேல் குறைந்துபோகும். அலைச்சார்பு கிணற்றின் அடியில் போய்ச் சுருங்கிக்கொள்ளும். ஆற்றல் மைனஸ் 0.66 பக்கம் வந்து அசையாமல் நிற்கும். பார்க்கிறவருக்கு அது மைனஸ் 0.67 மாதிரியே தெரியும். "2-க்குப் பதில் 1 போட்டுவிட்டேன் போல" என்று நிலையாற்றல் வரியையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். பிழையோ வேறு வரியில் இருக்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி அலைச்சார்பை வரைந்து பார்ப்பது. சரியான தரைநிலை இருபுறமும் பல அலகு தூரம் மெதுவாகத் தேயும். 2π விடுபட்டது ஒரு அலகுக்குள்ளேயே ஏறக்குறைய முடிந்துபோய்விடும்.

அடுத்தது பல்ஸ், முதல் விளிம்பு. மின்புலத்தை நேரடியாக எழுதாதீர்கள். முதலில் வெக்டர் பொட்டன்ஷியலை சைன் வர்க்க உறையோடு எழுதுங்கள். அதன் வகைக்கெழுவின் எதிர்க்குறிதான் மின்புலம். உறை தொடக்கத்திலும் முடிவிலும் சுழியம் என்பதால் மின்புலத்தின் மொத்தத் தொகையீடும் தானாகவே சுழியமாகிவிடும். பரவிச் செல்லும் உண்மையான லேசர் பல்ஸ் எதற்கும் இது பொருந்தும். மின்புலத்தையே காஸ் உறையோடு எழுதி நடுவில் வெட்டினாலும், முழு எண்ணாக இல்லாத சுற்றுகளை எடுத்தாலும், திசை மாறாத ஒரு சிறு புலம் (DC) பல்ஸுக்குள் ஒட்டிக்கொள்ளும். பல்ஸ் முடிந்த பிறகும் எலக்ட்ரான் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும், சமச்சீரான அணுவில் ஒற்றைப்படை மட்டுமே வர வேண்டிய நிறமாலையில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எட்டிப்பார்க்கும். பத்து சுற்று பல்ஸில் இது சின்ன விஷயம். இரண்டு மூன்று சுற்று பல்ஸில் முடிவையே மாற்றிவிடும். உறை-அலைக் கட்டம் (CEP, பல்ஸ் உறையின் உச்சத்துக்கும் அலையின் உச்சத்துக்கும் உள்ள கட்ட வேறுபாடு) பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சரிபார்க்காமல் ஒரு வரைபடம்கூடப் போடக் கூடாது என்பேன்.

நேரத்தில் முன்னேற்ற, பிளவுச் செயலி முறை. நிலையாற்றலுக்கு அரை அடி, ஃபூரியர் மாற்றி இயக்க ஆற்றலுக்கு முழு அடி, திரும்பி வந்து நிலையாற்றலுக்கு மறுபடி அரை அடி. அடியின் நீளம் 0.05, அதாவது 1.2 அட்டோசெகண்ட். லேசர் புலத்தை அடியின் நடுநேரத்தில் எடுக்க வேண்டும். தொடக்க நேரத்தில் எடுத்தால், இரண்டாம் படி துல்லியம் உள்ள முறை முதல் படிக்கு இறங்கிவிடும். பத்து சுற்றுக்கு சுமார் 22,000 அடிகள். சாதாரண மடிக்கணினியில் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

லேசரைப் போடும் முன் லேசர் இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். புலம் சுழியம், நேரம் 1000 அலகு. தரைநிலை தரைநிலையாகவே இருக்க வேண்டும், இருமுனை (எலக்ட்ரானின் சராசரி இடத்தைச் சொல்லும் அளவு) சுழியமாகவே இருக்க வேண்டும். இதில் அசைவு தெரிந்தால் மேலே போவதில் அர்த்தமில்லை.

இனி இரண்டாவது விளிம்பு, பெட்டியின் சுவர். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது இதுதான்.

ஃபூரியர் முறையில் பெட்டிக்குச் சுவரே கிடையாது. வலது ஓரத்தில் வெளியேறுவது இடது ஓரத்தில் உள்ளே வரும். லேசர் பிய்த்தெடுத்த எலக்ட்ரான்கள் எல்லாம் திரும்பி வருவதில்லை. கணிசமானவை விலகிப் போய்க்கொண்டே இருக்கும். அவற்றின் நகர்வு வேகம் அதிகபட்சம் 0.94 அணு அலகு. அந்த வேகத்தில் 204.8 அலகைக் கடக்க இரண்டே சுற்று போதும். பத்து சுற்று கணக்கில் அவை தாராளமாக மறுபக்கம் நுழைந்து, நடுவில் உள்ள அணுவை வந்து மோதும். மோதும் கணத்தில் நகர்வு வேகத்தோடு லேசரின் ஆட்டமும் சேர்ந்தால் ஆற்றல் பாண்டரமோட்டிவ் ஆற்றலைப் போல 8 மடங்கு வரை போகும். 13.6 + 47.8 என்றால் 61 எலக்ட்ரான் வோல்ட், 39-ஆவது ஹார்மோனிக்.

படத்தில் என்ன தெரியும்? 21 வரை ஒரு பீடபூமி, ஒரு சரிவு, அதன் கீழே 39 வரை இன்னொரு பீடபூமி. பார்க்க அழகாகவே இருக்கும். "இரண்டாம் பீடபூமி" என்று தலைப்புப் போட்டு எழுதிவிடத் தோன்றும். பெட்டியை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பாருங்கள். அது உண்மை என்றால் அங்கேயே இருக்கும். பெட்டி செய்த வேலை என்றால் தேயும், அல்லது நகரும்.

இதைத் தடுக்க ஓரத்தில் ஒரு உறிஞ்சும் மாஸ்க் வேண்டும். 160 அலகு வரை 1, அங்கிருந்து 204.8 வரை கோசைனின் எட்டில் ஒரு பங்கு அடுக்காக மெல்லச் சுழியத்துக்கு இறங்கும் சார்பு. ஒவ்வொரு அடியிலும் அலைச்சார்பை அதனால் பெருக்க வேண்டும். 45 அலகு அகலம் போதுமா என்பதை எலக்ட்ரானின் அலைநீளம் தீர்மானிக்கிறது. உந்தம் 0.2 உள்ள எலக்ட்ரானின் அலைநீளம் 31 அலகு, அது சமாளிக்கும். உந்தம் 0.1 என்றால் 63 அலகு. அந்த மெதுவான எலக்ட்ரானுக்கு இந்த மாஸ்க் ஒரு செங்குத்துச் சுவர் மாதிரி தெரியும், ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பும். குறுகிய மாஸ்க் ஒருபோதும் சிக்கனமாகாது.

மாஸ்கில் இன்னொரு சிக்கல், பலருக்கும் தெரியாதது. நேர அடியைப் பாதியாக்கி முடிவு மாறுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அடி பாதியானால் அதே நேரத்துக்குள் மாஸ்க் இரண்டு மடங்கு தடவை பெருக்கப்படும், உறிஞ்சும் வலிமையும் மாறிவிடும். நிறமாலையும் கொஞ்சம் மாறும். "நேர அடி குவியவில்லை" என்று முடிவு கட்டி மேலும் மேலும் சிறிய அடிக்குப் போவார்கள். அது ஒருபோதும் குவியாது. மாஸ்கை, புதிய அடியை 0.05-ஆல் வகுத்து வரும் எண்ணின் அடுக்காக உயர்த்தினால் சிக்கல் தீர்ந்தது.

பெட்டியின் அகலத்துக்குக் கீழ்வரம்பும் உண்டு. உச்சத்தில் கிளம்பும் எலக்ட்ரான் அதிகபட்சம் 33 அலகு, சுமார் 1.7 நானோமீட்டர் போய்த் திரும்பும். ஒரே ஆற்றலோடு திரும்ப எலக்ட்ரானுக்கு இரண்டு பாதைகள் உண்டு: சீக்கிரம் திரும்பும் குறும்பாதை, தாமதமாகத் திரும்பும் நீண்ட பாதை. மாஸ்க் அதற்குள் தொடங்கினால் நீண்ட பாதைகள் வெட்டுப்படும். நீண்ட பாதைகளை வேண்டுமென்றே நீக்கச் சிலர் இதையே பயன்படுத்துகிறார்கள். தெரிந்து செய்தால் அது ஒரு உத்தி.

மூன்றாவது விளிம்பு நிறமாலை எடுக்கும்போது வருகிறது. இருமுனையை எடுக்காமல் இருமுனை முடுக்கத்தை எடுங்கள். ஒவ்வொரு அடியிலும் நிலையாற்றலின் சரிவின் சராசரியைக் கணக்கிட்டு, அதோடு லேசர் புலத்தையும் கூட்டி, எதிர்க்குறி போட்டால் முடுக்கம். சராசரியில் அணுக்கருவுக்கு அருகிலுள்ள பகுதிதான் முக்கியப் பங்கு வகிக்கும் என்பதால், தொலைவில் மாஸ்க் செய்யும் வெட்டுகள் இதைக் கெடுக்காது. இருமுனையிலோ தூரத்துப் பகுதிக்குத்தான் எடை அதிகம். பல்ஸ் முடியும்போது அது சுழியத்துக்கும் வராது.

அந்த முடுக்கத்தை அப்படியே ஃபூரியர் மாற்றினால் தொடக்கமும் முடிவும் பொருந்தாத இடத்தில் ஒரு படி உருவாகும். அதன் நிழல் எல்லா அதிர்வெண்களிலும் பரவி, பல லட்சம் மடங்கு மெலிந்த பீடபூமியை மூழ்கடித்துவிடும். ஊட்டி அருகே முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எந்த ஆன்டெனாவும் ஓரத்தில் சட்டென்று முடிந்தால் பக்கக் கதிர்கள் முளைக்கும். ஓரத்தின் எடையை மெல்லக் குறைத்தால் அவை அடங்கும். இங்கே நேரமே நம் ஆன்டெனா. இரு ஓரத்திலும் மெல்லச் சுழியத்துக்கு இறங்கும் ஹான் சாளரத்தால் பெருக்கிவிட்டு மாற்றுங்கள். முன்பின் இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து பார்த்தால் அதன் அருமை புரியும்.

சாளரத்துக்குப் பிறகும் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஒற்றைப்படை இடங்களில் அமராத மெல்லிய கோடுகள் தெரியலாம். பயப்பட வேண்டாம். லேசர் கிளர்த்திவிட்ட நிலைகள் பல்ஸுக்குப் பிறகும் ஒலித்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. கட்-ஆஃபுக்கு மேலே கோடு தெரிந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டுகிறவர்கள் இரட்டைத் துல்லியத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒற்றைத் துல்லியத்தில் இரைச்சலின் தரைமட்டமே உயர்ந்துவிடும்.

எந்த ஹார்மோனிக் எந்த நேரத்தில் பிறந்தது என்று அறிய கேபர் மாற்றம் (சிறு சாளரத்தை நேரத்தில் நகர்த்தி எடுக்கும் ஃபூரியர் மாற்றம்) உதவும். காஸ் சாளரத்தின் அகலத்தை, 1-ஐ லேசர் அதிர்வெண்ணின் மூன்று மடங்கால் வகுத்து வரும் 5.9 அலகாக வைத்துப் பாருங்கள், 0.14 ஃபெம்டோசெகண்ட். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வளைவு எழும். இடது காலில் குறும்பாதைகள், வலது காலில் நீண்ட பாதைகள், உச்சியில் கட்-ஆஃப். கார்க்கமின் பாமரக் கணக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள்ளிருந்து அப்படியே எழுந்து வருவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். பெட்டி எதிரொளிப்பும் இதில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வளைவுகளுக்கு மேலே, ஒழுங்கில்லாமல், பல்ஸின் பிற்பாதியில் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஒற்றைப் பரிமாணத்தில் ஹார்மோனிக்கின் இடம் சரியாக வரும், உயரத்தை நம்பக் கூடாது. உண்மையான எலக்ட்ரான் பயணத்தில் பக்கவாட்டிலும் விரிகிறது, திரும்பி வந்து அணுவில் படும் வாய்ப்பு குறைகிறது. ஒற்றைப் பரிமாணத்தில் விரிய இடமே இல்லை. அலைநீளம் கூடக்கூட விளைச்சல் எப்படிக் குறைகிறது என்ற கேள்விக்கெல்லாம் முப்பரிமாணம் கட்டாயம். அதில் அலைச்சார்பைக் கோள ஹார்மோனிக்குகளாக (கோணத்தைச் சார்ந்த சார்புகள், ஒளியின் ஹார்மோனிக்குகள் அல்ல) பிரித்து, திசைவேக கேஜில் ஓட்டுவது நல்லது; கேஜ் என்பது லேசர் புலத்தைச் சமன்பாட்டில் எழுதும் முறை. நீள கேஜில் கோண உந்த எண்கள் நிறைய தேவைப்படும்.

சோதனையோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே செறிவு போதாது. லேசர் குவியத்தின் நடுவிலும் ஓரத்திலும் செறிவு வேறு வேறு. பல செறிவுகளில் ஓட்டி, கட்டத்தோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். நீண்ட பாதைகளின் கட்டம் செறிவில் 10¹³ மாறினாலே சுமார் 2.5 ரேடியன் சுழலும். எனவே செறிவின் படியை 2 × 10¹²-க்கு மேல் வைக்காதீர்கள். செறிவில் 50 படி, உறை-அலைக் கட்டத்தில் 20 படி என்றால் 1000 ஓட்டம். இரவு முழுக்க ஓடும் வேலை.

ஆடிக்காற்றில் ஏதாவது ஒரு மரம் லைனில் சாய்ந்தால் ராத்திரியே கரண்ட் போய்விடும் ஊர் இது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடுக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள். தொடங்கும்போது அந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த ஓட்டத்தைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். முப்பரிமாண ஓட்டத்தில், 1000 அடிக்கு ஒருமுறை அலைச்சார்பையும் அடியின் எண்ணையும் அதுவரை சேர்ந்த முடுக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆரத்தில் 4000 புள்ளி, கோண உந்தம் 80 என்றால் ஒரு பதிவு 5 மெகாபைட்தான். நேரடியாகப் பழைய கோப்பின் மேல் எழுத வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பழையதும் போகும், புதியதும் பாதியில் நிற்கும். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுக்க எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுங்கள். திரும்ப ஓட்டத் தொடங்கியதும், சேமித்த அலைச்சார்பின் நெறியைக் கணக்கிட்டு, நிற்பதற்கு முன் பதிவான எண்ணோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த அடியை எடுங்கள்.